கிளாவர் ஒன்பது

தாலினிலிருந்து ஸ்டாக்ஹோம்வரை
இரவு முழுக்கக் கடல்.
ஆறாம் தளத்து மதுக்கூடத்தில் ஒன்பது மணிக்கு
என் அரைமணி நேரம்.
எனக்குப் பிறகு அக்கார்டியன்.
அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் பாடலாம்.

இருபத்து மூன்று பேர்.
எண்ணிப் பார்ப்பது என் கெட்ட பழக்கம்.
பதினான்கு பேர் லாரி ஓட்டுநர்கள்.
சாப்பிட்ட களைப்பில்
நாற்காலியோடு நாற்காலியாய் உட்கார்ந்திருந்தார்கள்.

வெட்டிய கயிறு ஒட்டிக்கொண்டது.
ஒருவர் கொட்டாவி விட்டார்.
ஒட்டாமலே இருந்திருந்தாலும்
அதே கொட்டாவிதான்.
மூலையில் சூதாட்ட இயந்திரம் மணியடித்துக்
காசைக் கொட்டியது.
எல்லோரும் திரும்பிக் கை தட்டினார்கள்,
இயந்திரத்துக்கு.

மிச்சமிருந்தது எலுமிச்சம்பழ வித்தை.
எட்டு மாதம் பழகியது.
முன்மேசைப் பெண்ணிடம் கட்டை விரித்தேன்:
ஒன்றை எடுங்கள், பாருங்கள், மறக்காதீர்கள்.
இருவருக்கும் பாதிப்பாதி தெரிந்த ரஷ்ய மொழியில்.
பெயர் த்சிந்த்ரா என்றாள்.
எடுத்தாள். பார்த்தாள்.
கப்பல் ஒருமுறை நன்றாகச் சாய்ந்து
நிமிர்ந்தது.

பழத்தை அறுத்தேன்.
உள்ளே சுருண்டு, சாறு சொட்டச் சொட்ட
கிளாவர் ஒன்பது.
இதுதானே?

இல்லை, என்றாள்.
சிவப்பு. டைமண்டில் ஏதோ ஒன்று.

யாராவது சிரித்திருக்கலாம்.
கேலிச் சிரிப்புக்குக்கூட
ஒரு கைப்பிடி உண்டு, பிடித்து மேலேறி வரலாம்.
இருபத்து மூன்று பேரும்
என்னை நினைத்துக் கூச்சப்பட்டுத்
தத்தம் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

இப்போது சொல்கிறேன்:
என் கட்டில் டைமண்டே கிடையாது.
ஹார்ட்டும் கிடையாது.
ஐம்பத்திரண்டு சீட்டும்
கிளாவர் ஒன்பது.
மேசையில் கவிழ்த்து விரித்திருந்தால்
அவள் தோற்றிருப்பாள்.
நானும்தான்.

குனிந்து வணங்கினேன்.
அதையும் பழகியிருக்கிறேன்,
எட்டு மாதமல்ல, பத்தொன்பது வருடம்.

மதுக்கூடத்து யூல்லே
மிச்சப் பாதிப் பழத்தை என் தேநீரில் பிழிந்தாள்.
நல்ல பழம், வீணாக்காதே என்றாள்.
ஆறுதல் என்று வேறொன்றும் சொல்லவில்லை.
கத்தி பட்ட கட்டைவிரல் எரிந்துகொண்டே இருந்தது.
அது நல்லதாகப் போயிற்று.
எரிகிற விரலைப் பார்த்துக்கொண்டிருந்ததில்
மற்றதெல்லாம் கொஞ்சம் தள்ளி நின்றது.

மூன்று மணிக்கு மேல்தளத்தில்
புகைத்துக்கொண்டிருந்தாள் த்சிந்த்ரா.
நான் கேட்காமலே பேசினாள்:
சீட்டைப் பார்த்த நேரத்தில்தான் கப்பல் சாய்ந்தது.
வால்மியெராவிலிருந்து பலகை ஏற்றி வருகிறேன்.
பின்பக்கப் பட்டையை இறுக்கினேனா இல்லையா,
அதற்குப் பிறகு அது ஒன்றுதான் மண்டைக்குள்.
கரை சேரும்வரை வண்டித்தளத்துக்கு விடமாட்டார்கள்.
கறுப்பாக இருந்திருக்குமோ, அந்தச் சீட்டு?

சட்டைப்பையில் கட்டைத் தொட்டுக்கொண்டேன்.
இல்லை, என் தவறுதான், என்றேன்.
அலை அதிகம், கை பிசகிவிட்டது.

பெருந்தன்மை ஒன்றுமில்லை.
நாளை இரவும் அதே கட்டு,
ஓட்டுநர்கள் ஓட்டுநர்களிடம் பேசுவார்கள்.
ஆனாலும் அவள் முகத்தில்
ஒரு கவலை குறைந்தது தெரிந்தது.
பட்டைக் கவலை அப்படியே இருந்தது.
அதற்கு என்னிடம் வித்தை இல்லை.

காலையில் சரிவுப்பாலத்தில்
லாரிகள் ஒவ்வொன்றாய் இறங்கின.
அவளுடையது எது என்று தெரியவில்லை.
பலகை ஏற்றிய மூன்று வண்டிகள்,
மூன்றிலும் பட்டை இறுக்கமாகத்தான் இருந்தது.
நின்று பார்த்தேன்.

ஸ்டாக்ஹோமில் எலுமிச்சை
தாலினைவிட விலை.
இரண்டு வாங்கினேன்.
இன்றிரவும் காற்று இருக்குமாம்.
'மறக்காதீர்கள்' என்பதை
கப்பல் நிமிர்ந்த பிறகு
இன்னொரு தடவை சொல்ல வேண்டும்.